64-3 என்ற எண்ணும் காந்தமும்: ஸ்டெயின்லெஸ் போலீஸ் ரிவால்வரை அடையாளம் காண்பது எப்படி?

முதலில் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் இருக்கும் ஒருவருக்கு, ஓய்வுபெற்ற போலீஸ்காரரான மாமனாரின் ரிவால்வர் முறைப்படி பெயர் மாறி வந்திருக்கிறது. வெள்ளி நிறம், நாலு அங்குலக் குழல், ஆறு தோட்டா, மரக் கைப்பிடி. குழலின் பக்கத்தில் ஸ்மித் அண்ட் வெஸன் என்று இருக்கிறது. தோட்டாக்கள் உட்காரும் சுழல் உருளையான சிலிண்டரைத் திறந்தால் உள்ளே ‘மாட் 64-3’ என்று பொறித்திருக்கிறது. இது நிக்கல் முலாமா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா? எந்தக் காலத்தது? போலீஸில் உண்மையிலேயே இருந்ததுதானா? இவைதான் கேள்விகள். காந்தம் வைத்துப் பார்த்தாராம், நன்றாக ஒட்டிக்கொண்டதாம். அதனால் ஸ்டெயின்லெஸ் இல்லை, சாதாரண இரும்பின் மேல் நிக்கல் பூசியது என்று முடிவு செய்துவிட்டார்.

அந்த முடிவு தவறு. உங்கள் கையில் இருப்பது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான். 64 என்ற எண்ணை அந்தக் கம்பெனி ஸ்டெயின்லெஸ் ரிவால்வருக்கு மட்டுமே கொடுத்தது. 64-3 என்றால் 1982க்கு முன்னால் போகாது, 1980களின் இறுதியைத் தாண்டாது. பதில் இவ்வளவுதான் என்று நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் காந்தச் சோதனையை நம்பி ஏமாறுபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்தச் சின்ன எண்ணில் எவ்வளவு வரலாறு அடங்கியிருக்கிறது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

காந்தத்திலிருந்து ஆரம்பிப்போம். நம் வீடுகளில் எவர்சில்வர் பாத்திரம் வாங்கும்போது காந்தம் வைத்துப் பார்ப்பது பழைய வழக்கம். ஒட்டவில்லை என்றால் நல்ல சரக்கு. அந்தச் சோதனை பாத்திரத்துக்குச் சரி, ஏனென்றால் அதில் குரோமியத்தோடு எட்டு சதவீதம் அளவுக்கு நிக்கலும் கலந்திருக்கும். அந்த நிக்கல்தான் எஃகின் உள் அமைப்பை மாற்றிக் காந்தம் ஒட்டாமல் செய்கிறது. அதே நிக்கல்தான் அந்த எஃகைச் சூடாக்கிக் குளிர்வித்துக் கடினப்படுத்த முடியாமலும் செய்கிறது. துப்பாக்கிக்கு அது உதவாது. சிலிண்டரின் ஒவ்வொரு அறையும் ஒவ்வொரு முறையும் பெரிய அழுத்தத்தைத் தாங்க வேண்டும், உள்ளே இருக்கும் சின்னச் சின்ன விளிம்புகள் தேயாமல் இருக்க வேண்டும். அதனால் ரிவால்வருக்கு எடுப்பது வேறு குடும்பத்து ஸ்டெயின்லெஸ்: குரோமியம் 12, 13 சதவீதம், நிக்கல் இல்லை அல்லது மிகக் குறைவு, கார்பன் கொஞ்சம் கூடுதல். இதை வெப்பத்தால் கடினப்படுத்தலாம். காந்தமும் ஒட்டும். துருவும், கவனிக்காமல் விட்டால், பிடிக்கும்.

இந்த இரண்டு குடும்பங்களும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் பிறந்தவை. ஜெர்மனியில் எஸ்ஸென் நகரத்துக் க்ருப் ஆலையில் பென்னோ ஸ்ட்ராஸும் எடுவார்ட் மௌரரும் 1912இல் உருவாக்கியது நிக்கல் கலந்த வகை. பாத்திரங்களுக்கு வந்தது அந்த வழி. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி ப்ரியர்லி 1913 ஆகஸ்டில் வார்த்தது 12.8 சதவீதம் குரோமியமும் 0.24 சதவீதம் கார்பனும் கொண்ட வகை. அவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்த வேலையே துப்பாக்கி சம்பந்தப்பட்டதுதான். வெடி வாயுவின் சூட்டில் ரைபிள் குழல்களின் உள்பக்கம் அரித்துப்போவதைத் தடுக்க வழி தேடிக்கொண்டிருந்தார். துருப்பிடிக்காத குணம் அந்தத் தேடலில் தற்செயலாக வெளிப்பட்டது. அந்த எஃகு முதலில் போய்ச் சேர்ந்த இடம் ஷெஃபீல்டின் சாப்பாட்டுக் கத்திகள். துப்பாக்கிக்காகத் தேடப்பட்ட உலோகம் முழு ரிவால்வராக உருவெடுக்க இன்னும் 52 வருடங்கள் ஆயின.

ஏன் அவ்வளவு தாமதம்? கடைசல் வேலைக்கு அது படியாது என்பது ஒரு காரணம். வெட்டும் கருவிகளைச் சீக்கிரம் தேய்த்துவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், ஒரே வகை ஸ்டெயின்லெஸ் துண்டுகள் இரண்டு அழுத்தத்தில் ஒன்றோடொன்று உராய்ந்தால் மேல் படலம் கிழிந்து உலோகமும் உலோகமும் பற்றிக்கொள்வது. ஓடுகிற பாகங்கள் இறுகி நின்றுவிடும். தானியங்கிப் பிஸ்டலில் மேல்பாகம் முழுவதும் நீளவாக்கில் உராய்ந்து ஓடுவதால் அங்கே இது பெரும் தலைவலி. ரிவால்வரில் சிலிண்டர் ஒரு அச்சில் மெதுவாகச் சுழல்கிறது, அவ்வளவுதான். ஸ்டெயின்லெஸ் ரிவால்வர் முதலில் வந்ததற்கும், நல்ல ஸ்டெயின்லெஸ் பிஸ்டல் பின்னால் வந்ததற்கும் இது முக்கியமான காரணம் என்பது என் கருத்து.

ஆனாலும் போலீஸ்காரர்களுக்கு அது அவசரத் தேவையாக இருந்தது. ஒரு ரிவால்வரைச் சுட்டுத் தேய்த்த போலீஸ்காரர்கள் குறைவு. இடுப்பிலும் சட்டைக்குள்ளும் வைத்துச் சுமந்தே அதைப் பாழாக்கியவர்கள்தான் அதிகம். வியர்வை, மழை, கடலோரக் காற்று, கார் இருக்கையின் உராய்வு எல்லாம் சேர்ந்து, கருநீலப் பூச்சு கொடுத்த ரிவால்வரை இரண்டு மூன்று கோடைக்காலத்தில் விளிம்பெல்லாம் வெளுக்க வைத்துவிடும். வெளுத்த இடத்தில் துரு உட்காரும். நிக்கல் முலாம் கொஞ்சம் தாங்கும், ஆனால் ஒரு இடத்தில் உரிய ஆரம்பித்தால் அதன் அடியில் துரு பரவும். தோல் உறையும் எதிரிதான். பதனிட்ட தோலில் தங்கும் உப்பும் ஈரமும் எஃகை அரிக்கும்.

மசாசூசெட்ஸ் மாநிலத்து ஸ்ப்ரிங்ஃபீல்டில் இருந்த ஸ்மித் அண்ட் வெஸன் 1965இல் இதற்கு விடை சொன்னது. மாடல் 60, முதல் ஸ்டெயின்லெஸ் ரிவால்வர். புதிய வடிவமைப்பு ஒன்றுமில்லை. 1950இல் கொலராடோ ஸ்ப்ரிங்ஸில் நடந்த போலீஸ் தலைவர்கள் மாநாட்டில் அறிமுகமாகி, அங்கேயே ‘சீஃப்ஸ் ஸ்பெஷல்’ என்று பெயர் வாங்கிய ஐந்து தோட்டாச் சின்ன ரிவால்வர்தான்; எஃகை மட்டும் மாற்றினார்கள். சட்டைக்குள் உடம்போடு ஒட்டி இருக்கும் துப்பாக்கி என்பதால் வியர்வைத் தொல்லை அதற்குத்தான் அதிகம். முதலில் வந்தவை கண்ணாடி போலப் பளபளத்தன. வெயிலில் கண்ணைப் பறிக்கிறது, ஒளிந்து நிற்பவரைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று மங்கலான தேய்ப்புக்கு மாற்றினார்கள். அந்த ஆரம்பப் பளபளப்பு மாடல் 60ஐ இன்று சேகரிப்பவர்கள் தனியாகத் தேடுகிறார்கள்.

அதன் பிறகு வரிசையாக வந்தன. 1970இல் மாடல் 64. இது 1899இலிருந்து அமெரிக்கப் போலீஸின் இடுப்பில் இருந்த ‘மிலிட்டரி அண்ட் போலீஸ்’ என்ற .38 ஸ்பெஷல் ரிவால்வரின் ஸ்டெயின்லெஸ் வடிவம். அதையொட்டியே மாடல் 66, அதைவிட வலுவான .357 மேக்னம் தோட்டாவுக்கு, ஏற்றி இறக்கும் குறியோடு (குறிபார்க்கும் அமைப்பு). பிறகு 1972 வாக்கில் 65, 67. ஸ்டெயின்லெஸ் மாடல் ஒவ்வொன்றுக்கும் கருநீலப் பூச்சில் ஒரு மூத்த சகோதரன் உண்டு: 60க்கு 36, 64க்கு 10, 66க்கு 19, 67க்கு 15. 65 மட்டும் விசித்திரம், அதன் கருநீலச் சகோதரனான 13 அதற்குப் பிறகுதான் வந்தது. ஆறில் தொடங்கும் எண் என்றால் ஸ்டெயின்லெஸ் என்பது நல்ல குறுக்குவழி. பின்னாளில் மூன்று இலக்க எண்கள் வந்தபோதும் 586க்கு 686, 42க்கு 642 என்று அதே வழக்கம் தொடர்ந்தது. விதிவிலக்கும் உண்டு. மாடல் 61 என்பது ஒரு குட்டிப் பிஸ்டல், ஸ்டெயின்லெஸ் இல்லை.

68 என்ற எண்ணைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1970 ஏப்ரல் 5க்கும் 6க்கும் இடைப்பட்ட நள்ளிரவில், கலிபோர்னியாவின் நியூஹால் பகுதியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் நெடுஞ்சாலைப் போலீஸார் நான்கு பேர் ஐந்து நிமிடத்துக்குள் இறந்துபோனார்கள். அமெரிக்கப் போலீஸ் பயிற்சியையே புரட்டிப்போட்ட சம்பவம் அது. ஒவ்வொன்றாகத் தோட்டா திணித்துக்கொண்டிருக்கக் கூடாது, ஆறையும் ஒரே அழுத்தில் நிரப்பும் வளையம் வேண்டும் என்பது பரவலானது அதன் பிறகுதான். பயிற்சியில் சுடும் தோட்டாவும் பணியில் சுமக்கும் தோட்டாவும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதும் வலுப்பெற்றது. கலிபோர்னியா நெடுஞ்சாலைப் போலீஸ் .38 ஸ்பெஷலையே பொதுத் தோட்டாவாக வைத்துக்கொண்டது. அவர்களுக்காக மாடல் 66ஐ .38 அறையோடு, ஆறு அங்குலக் குழலோடு தயாரித்தார்கள். அதுதான் மாடல் 68. பார்வைக்கு 66 மாதிரியே இருக்கும். சிலிண்டரைத் திறந்து எண்ணைப் படித்தால்தான் தெரியும்.

சரி, இப்போது அடையாளம் காண்பதற்கு வருவோம். தொடுவதற்கு முன் சிலிண்டரைத் திறந்து எல்லா அறையும் காலி என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தடவி உறுதி செய்யுங்கள். தோட்டாக்களை வேறு அறையில் வையுங்கள். மீதியெல்லாம் அதற்கப்புறம்.

நிறத்தைப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் நிக்கல் லேசாக மஞ்சள் கலந்த வெதுவெதுப்பான வெள்ளை. ஸ்டெயின்லெஸ் சாம்பல் சாயல் கொண்ட குளிர்ந்த வெள்ளை. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் சட்டென்று தெரியும். ஒன்றுதான் இருக்கிறது என்றால் ஒரு வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பாருங்கள். அப்புறம் தேயும் இடங்களைப் பாருங்கள்: குழலின் வாய், சிலிண்டரின் முன் விளிம்பு, கைப்பிடிக்கு அடியில் மறைந்திருக்கும் பகுதி. முலாம் என்றால் அங்கே எங்காவது ஒரு ஓரம் செதிலாக உரிந்திருக்கும், அல்லது அடியில் கருமை தெரியும். ஸ்டெயின்லெஸ்ஸில் கீறல் விழுந்தால் கீறலுக்குள்ளும் அதே நிறம். தேய்க்கத் தேய்க்க அதுவேதான் வரும்.

தோட்டாவை அடிக்கும் சுத்தியலான ஹேமரும், விரலால் இழுக்கும் ட்ரிகரும் இன்னொரு சாட்சி. நிக்கல் பூசிய ஸ்மித் அண்ட் வெஸனில் இந்த இரண்டுக்கும் வழக்கமாக முலாம் போட மாட்டார்கள். கடினப்படுத்தும்போது வரும் நீலமும் பழுப்பும் கலந்த வண்ணத் திட்டுகள் அப்படியே இருக்கும். ஸ்டெயின்லெஸ் மாடல்களின் ஆரம்ப காலத்தில் இவற்றையும் ஸ்டெயின்லெஸ்ஸிலேயே செய்தார்கள். பிறகு சாதாரண எஃகில் செய்து மேலே மெல்லிய குரோம் பூச்சுக்கு மாறினார்கள். அதனால் மங்கிய சாம்பல் நிறத்தில், சட்டகத்திலிருந்து கொஞ்சம் வேறுபட்டுத் தெரியும். உங்கள் 64-3இல் அப்படித்தான் இருக்க வேண்டும். ட்ரிகரில் துருப்புள்ளி கண்டு, ‘ஸ்டெயின்லெஸ் என்றால் எப்படித் துரு?’ என்று குழம்புபவர்களுக்கும் இதுவே பதில்.

ஒரு எச்சரிக்கை. ஸ்டெயின்லெஸ் ரிவால்வரை வாங்கி, சக்கரத்தில் பிடித்துக் கண்ணாடி போல மெருகேற்றிவிடுகிறவர்கள் உண்டு. அப்போது அது நிக்கல் மாதிரியே மின்னும். எழுத்துகளைப் பாருங்கள். தொழிற்சாலை எழுத்து என்றால் விளிம்பு கூர்மையாக இருக்கும். மெருகு போட்டதில் எழுத்தின் ஓரம் கரைந்திருக்கும், திருகுத் துளைகளைச் சுற்றி லேசாகக் குழி விழுந்திருக்கும். உள் பாகங்களை மூடும் பக்கத் தகடு, ரிவால்வரின் உடலான சட்டகத்தோடு சேரும் கோடு, நல்ல நிலையில் மயிரிழை போல இருப்பது, அகன்று தெரியும். இந்தக் கோட்டை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். தொழிற்சாலையில் தகட்டைப் பொருத்திய பிறகே மேல்பரப்பைத் தேய்ப்பார்கள் என்பதால் நகம்கூடத் தட்டுப்படாது. தட்டுப்பட்டால் யாரோ கழற்றிக் கைவைத்திருக்கிறார்கள்.

இனி அந்த எண். சிலிண்டரை வெளியே திறக்கும்போது அதைத் தாங்கி ஒரு கை போல விரிகிறதே, அதற்குப் பெயர் யோக். அந்த யோக் மூடினால் மறையும் சட்டகப் பகுதியில்தான் மாடல் எண் இருக்கும். ஸ்மித் அண்ட் வெஸன் 1957இல் எண்களுக்கு மாறியதிலிருந்து இதே இடம். கோட்டுக்குப் பின்னால் வரும் எண், வடிவமைப்பில் எத்தனையாவது மாற்றம் என்பதைச் சொல்கிறது. 64 என்று மட்டும் இருந்தால் ஆரம்பத்தது. 64-1 கனத்த குழல், 1972. 64-2 என்றால் 1977 மாற்றம்: சுடும்போது முன்பக்கம் கசியும் வாயு அச்சுக்குள் போகாமல் தடுக்கும் சின்ன வளையத்தை யோக்கிலிருந்து சிலிண்டருக்கு மாற்றினார்கள். 64-3 என்றால் 1982: குழலைச் சட்டகத்தோடு பிணைத்திருந்த குறுக்கு ஆணி போனது.

அந்த ஆணியை நீங்களே பார்க்கலாம், அதாவது அது இல்லாததைப் பார்க்கலாம். சட்டகத்துக்குள் குழல் நுழையும் இடத்தில், சிலிண்டருக்குச் சற்று முன்னால் மேல்பக்கம், பழைய துப்பாக்கிகளில் ஒரு குண்டூசித் தலை அளவுக்கு வட்டம் இரண்டு பக்கமும் தெரியும். அந்த ஆணி இருந்தால் 1982 மாற்றத்துக்கு முந்தியது. மேக்னம் தோட்டா மாடல்களில் இதோடு இன்னொன்றும் போனது. தோட்டாவின் பின் விளிம்பு முழுவதும் உள்ளே அமிழும்படி சிலிண்டர் அறைகளின் வாயைக் குடைந்திருப்பார்கள், அதையும் நிறுத்தினார்கள். சேகரிப்பவர்கள் இந்த இரண்டுக்கும் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். வேலைப்பாட்டின் அழகு என்று பார்த்தால் நியாயம்தான். சுடுவதில் வித்தியாசம் எதுவும் இல்லை.

யோக் திறப்பில் மாடல் எண்ணுக்குப் பக்கத்தில் இன்னும் சில எண்கள் இருக்கும். பலர் வழுக்கி விழும் இடம் இது. அவை தொழிற்சாலைக்குள் பாகங்களைச் சேர்த்து வைக்கப் பயன்பட்ட எண்கள். வரிசை எண் அல்ல. பழைய பதிவேடுகளிலும் விற்பனைச் சீட்டுகளிலும் இந்த எண்ணை வரிசை எண் என்று எழுதிவைத்த குளறுபடிகள் ஏராளம். அந்தத் தலைமுறை ஸ்மித் அண்ட் வெஸனின் உண்மையான வரிசை எண் கைப்பிடியின் அடிப்பாகத்தில், சட்டகத்தின் எஃகில் இருக்கும். அடிப்பாகத்தை மூடும் பெரிய கைப்பிடி போட்டிருந்தால் அதைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். உங்கள் பெயருக்கு மாற்றிய தாளில் எந்த எண் எழுதியிருக்கிறது என்று இன்றே சரிபாருங்கள். தவறாக இருந்தால் இப்போதே திருத்துவது நல்லது.

வரிசை எண்ணும் காலம் சொல்லும். நிலையான குறி கொண்ட .38 ரிவால்வர்களுக்கு 1968 முதல் ‘டி’ என்ற எழுத்து முன்னால் வந்தது. ஏற்றி இறக்கும் குறி உள்ள நடுத்தர அளவுக்கு ‘கே’, சின்ன அளவுக்கு 1969 முதல் ‘ஜே’. 1980 முதல் எல்லா அளவுக்கும் பொதுவாக ‘ஏஏஏ’ என்று தொடங்கும் மூன்று எழுத்தும் நாலு இலக்கமும். உங்களுடையது மூன்று எழுத்தில் தொடங்கினால் 64-3 என்பதோடு அழகாகப் பொருந்தும். ‘டி’ என்று ஆரம்பித்தால் எனக்குக் கொஞ்சம் ஆச்சரியமாக இருக்கும், படம் எடுத்து அனுப்புங்கள்.

புதியவற்றை விலக்க இரண்டு குறிப்பு போதும். 1990களின் இறுதியில், ஹேமரின் முகத்தில் நீட்டிக்கொண்டிருந்த ஊசியைச் சட்டகத்துக்குள் மாற்றினார்கள். அதன் பிறகு வந்த ஹேமரின் முகம் தட்டையாக இருக்கும். 2001இல் கம்பெனி கைமாறியதை ஒட்டி, சிலிண்டரைத் திறக்கும் பொத்தானுக்கு மேலே சாவித் துளை ஒன்று வந்தது. உங்கள் 64-3இல் இரண்டும் இருக்கக் கூடாது.

ஸ்மித் அண்ட் வெஸன் என்று பெயர் தேய்ந்துபோன, அல்லது வேறு பெயர் உள்ள வெள்ளி நிற ரிவால்வர் கையில் வந்தால் என்ன செய்வது? சிலிண்டரைத் திறக்கும் பொத்தானைப் பாருங்கள். முன்னால் தள்ளினால் திறப்பது ஸ்மித் அண்ட் வெஸன். பின்னால் இழுத்தால் திறப்பது கோல்ட். உள்நோக்கி அழுத்தினால் திறப்பது ரூகர். இன்னொரு வித்தியாசம் சுழற்சி. பின்னாலிருந்து பார்க்கும்போது கோல்ட் சிலிண்டர் கடிகார முள் திசையில் சுழலும், மற்ற இரண்டும் எதிர்த்திசை. கோல்ட் இந்தப் பந்தயத்துக்குத் தாமதமாக வந்தது. ஸ்டெயின்லெஸ் பைத்தான் 1983இல், கிங் கோப்ரா 1986இல். அதற்குள் போலீஸ் சந்தை கிட்டத்தட்ட கைநழுவிப் போயிருந்தது.

ரூகரைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. 1970களின் தொடக்கத்தில் வந்த செக்யூரிட்டி-சிக்ஸும், அதன் போலீஸ் வடிவங்களான சர்வீஸ்-சிக்ஸும் ஸ்பீட்-சிக்ஸும் 1970களின் நடுவிலிருந்து ஸ்டெயின்லெஸ்ஸிலும் கிடைத்தன. இவற்றில் பக்கத் தகடே கிடையாது. சட்டகம் ஒரே வார்ப்பு, ட்ரிகர் பகுதி முழுவதும் கீழ்வழியாகக் கழன்று வரும். மெழுகு அச்சு வைத்து எஃகை வார்க்கும் முறையில் செய்ததால் விலையும் மலிவு, உறுதியும் அதிகம். 1976இல் தயாரித்த ரூகர்களின் குழலில் அமெரிக்க விடுதலையின் 200ஆவது ஆண்டில் செய்தது என்ற வாசகம் இருக்கும். அதைவிட எளிதான காலக்கணிப்பு வேறு எந்தத் துப்பாக்கியிலும் நான் பார்த்ததில்லை. 1988இல் இந்த வரிசை முடிந்து ஜிபி100 அதன் இடத்தைப் பிடித்தது.

பிரேசிலின் டாரஸ், ரோஸி ரிவால்வர்களும் ஸ்மித் அண்ட் வெஸனின் சாயலில் இருக்கும். டாரஸ் விஷயத்தில் சாயல் தற்செயல் இல்லை. 1970களில் இரண்டு கம்பெனிக்கும் பாங்கோர் புன்டா என்ற ஒரே முதலாளி. சட்டகத்தில் நாட்டின் பெயரைப் படித்தால் குழப்பம் தீர்ந்துவிடும்.

மேக்னம் தோட்டா ரிவால்வர்களின் கதையில் சொல்லாமல் விடக் கூடாத ஒன்று இருக்கிறது. மாடல் 66, 65 இரண்டும் .38க்காக உருவான நடுத்தரச் சட்டகத்தில் மேக்னம் தோட்டாவைத் திணித்தவை. குழலின் பின்வாய் சட்டகத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில், யோக்குக்கு இடம் விட அடிப்பக்கத்தைத் தட்டையாகச் சீவியிருப்பார்கள். அதாவது ஆறு மணி முள் இருக்கும் திசையில் சுவர் மெல்லியது. லேசான, வேகமான மேக்னம் தோட்டாக்களைத் தொடர்ந்து சுட்டவர்களுக்கு அங்கே விரிசல் விழுந்தது. யாராவது 65, 66 வாங்கப்போனால் சிலிண்டரைத் திறந்து ஒரு சின்ன டார்ச் அடித்து அந்த இடத்தைப் பாருங்கள் என்றுதான் முதலில் சொல்வேன். இதற்குத் தீர்வாகத்தான் 1980, 81 வாக்கில் சற்றுப் பெரிய எல் ஃபிரேமும், ஸ்டெயின்லெஸ்ஸில் 686, 681 மாடல்களும் வந்தன. ஆரம்ப 686களைக் கம்பெனி 1987இல் திரும்ப அழைத்து, ஹேமர் ஊசி நுழையும் துளையைச் சரிசெய்து கொடுத்தது. சரிசெய்தவற்றில் மாடல் எண்ணோடு ‘எம்’ என்ற எழுத்து இருக்கும். உங்கள் 64-3 .38 ஸ்பெஷலுக்கானது, இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

இனி மூன்றாவது கேள்வி: போலீஸில் இருந்ததா? மாடல் எண் இதைச் சொல்லாது. 64ஐ யார் வேண்டுமானாலும் கடையில் வாங்கலாம். நம்பக்கூடிய சாட்சிகள் இரண்டு. ஒன்று, துறையின் பொறிப்பு. சில துறைகள் தங்கள் பெயரின் முதல் எழுத்துகளையோ ஆயுத அலமாரி எண்ணையோ பொறித்தன. அமெரிக்கச் சுங்கத்துறைக்காகச் செய்த 686இல் ‘சிஎஸ்-1’ என்று இருக்கும். நியூயார்க் நகரப் போலீஸுக்காக, ஹேமரைப் பின்னால் இழுத்து நிறுத்திச் சுட முடியாதபடி மாற்றிய 64கள் ‘என்ஒய்-1’ என்று அறியப்படுகின்றன. விரல் பட்டாலே வெடிக்கும் நிலையில் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு யாரையும் நிறுத்திவைக்கக் கூடாது என்பதற்காகச் செய்த மாற்றம் அது. உங்களுடையதில் ஹேமர் பின்னால் இழுத்தால் நிற்கிறதா என்று, காலியாக இருக்கும்போது, பாருங்கள்.

இரண்டாவது சாட்சி தேய்மானம். நிறையச் சுமந்து குறைவாகச் சுட்ட துப்பாக்கிக்கு ஒரு தனி முகம் உண்டு. குழல் வாயின் வலது, இடது ஓரங்கள் உறை உரசி மழுங்கியிருக்கும். வெளிப்பக்கம் இருந்த மரக் கைப்பிடியில் கார்க் கதவும் இருக்கை வாரும் இடித்த தழும்புகள் இருக்கும். ஆனால் குழலின் உட்புறம் புதுசு போல, வரிப்பள்ளங்கள் கூர்மையாக இருக்கும். கருநீலத் துப்பாக்கியில் இதெல்லாம் உடனே தெரியும். ஸ்டெயின்லெஸ் தழும்பை மறைத்துக்கொள்ளும் என்பதால் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து வெளிச்சத்தில் தேட வேண்டும்.

காலமும் பொருந்துகிறது. 1980களில் 64-3 தயாரான நேரத்தில்தான் ரிவால்வர் போலீஸிலிருந்து விடைபெற ஆரம்பித்தது. இலினாய் மாநிலப் போலீஸ் 1967லேயே 9 மி.மீ. பிஸ்டலுக்குப் போயிருந்தாலும் மற்றவர்கள் தயங்கினார்கள். 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் எஃப்பிஐ அதிகாரிகள் இருவர் இறந்து ஐந்து பேர் காயமடைந்த சண்டைக்குப் பிறகு தயக்கம் போனது. கலிபோர்னியா நெடுஞ்சாலைப் போலீஸ் 1990இல் மாறியது, அவர்கள் எடுத்த 4006 பிஸ்டலும் ஸ்டெயின்லெஸ்தான். நியூயார்க் 1993இல். அங்கே பழைய ஆட்கள் சிலருக்கு ரிவால்வரையே வைத்துக்கொள்ள அனுமதி இருந்தது, அதுவும் 2018 ஆகஸ்டோடு முடிந்தது. மாறிய துறைகள் பழைய ரிவால்வர்களை வியாபாரிகளிடம் கொடுத்துப் புதியதை வாங்கின. சில இடங்களில் ஓய்வுபெறும் அதிகாரிக்கே கொடுத்தார்கள். உங்கள் மாமனார் எந்தத் துறையில், எந்த வருடங்களில் இருந்தார் என்பதை வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு இப்போதே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தகவல் துப்பாக்கியில் எங்கும் பொறித்திருக்காது. நினைவில் வைத்திருப்பவர்கள் போன பிறகு கிடைக்கவும் கிடைக்காது.

பராமரிப்புக்கு அதிகம் வேண்டாம். மெல்லிய எண்ணெய்ப் பூச்சு, கைப்பிடிக்கு அடியிலும். வியர்வை இறங்கித் தங்கும் இடம் அதுதான், ஸ்டெயின்லெஸ்ஸில் துருப்புள்ளி முதலில் வருவதும் அங்கேதான். தோல் உறைக்குள் வைத்துப் பூட்டிவைக்காதீர்கள். குளோரின் கலந்த எந்தத் துப்புரவுப் பொருளும் பக்கத்தில் வரக் கூடாது, அது குழிகுழியாக அரித்துவிடும். மெருகு போடவே போடாதீர்கள். அந்த மங்கலான தேய்ப்பும் உறை உரசிய தடமும்தான் அதன் அடையாளம். ஒருமுறை அழித்தால் திரும்ப வராது.

எல்லாம் பார்த்த பிறகும் முதலில் எங்கே போனது என்று தெரிய வேண்டுமென்றால் ஸ்மித் அண்ட் வெஸனின் வரலாற்று அறக்கட்டளைக்கு எழுதிக் கேட்கலாம். தொழிற்சாலைப் பதிவேட்டைப் பார்த்து, எந்தத் தேதியில் எந்த வியாபாரிக்கு அல்லது துறைக்கு அனுப்பப்பட்டது என்று கட்டணம் வாங்கிக்கொண்டு கடிதம் தருகிறார்கள். பெரும்பாலும் ஒரு மொத்த வியாபாரியின் பெயர்தான் வரும். ஆனால் போலீஸ் துறைக்கு நேரடியாகப் போயிருந்தால் அதைவிட உறுதியான சான்று வேறில்லை. கேட்கும்போது கைப்பிடி அடியில் இருக்கும் எண்ணைக் கொடுங்கள், யோக்கில் இருப்பதை அல்ல. கூடவே இடது, வலது பக்கப் படங்களும், யோக்கைத் திறந்து எடுத்த ஒரு படமும் அனுப்புங்கள்.